புறக்கோட்டை

இந்த ஊரில் வண்டி இழுப்பவனுக்கு
நாட்டாமை என்று பெயர்.
யார் வைத்த பகிடியோ.
மூன்றாம் குறுக்குத் தெருவில் எண்பது நாட்டாமைகள்,
ஒருவரிடமும் யாரும் தீர்ப்புக் கேட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை
ஹில்மி முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
"போறதெண்டா போ, வண்டிய உட்டுட்டுப் போ" என்றார்.
கை கேட்கவில்லை.
தண்ணீர்ப் போத்தல் பன்னிரண்டு பெட்டி ஏற்றி
சுமணதாச முன்னால் இழுக்க
நான் பின்னால் தள்ளினேன்.

கோட்டையின் மதிலை வெள்ளைக்காரன் எப்போதோ இடித்துவிட்டான்.
பெயர் மட்டும் நிற்கிறது,
அதற்கு வெளியே நாங்கள்.

சதாம் வீதி முனையில் புகை.
கண் எரிந்தது.
மிளகாய்க் கிட்டங்கியில் இதைவிட எரிந்திருக்கிறது.
இரும்புத் தடுப்பு சரிந்த சத்தத்திலேயே எடை தெரிந்தது:
முந்நூறு கிலோ, எட்டுப் பேர் போதும்.
எட்டாயிரம் பேர் தள்ளினார்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றினேன்,
ஏனென்று இன்றைக்கும் தெரியாது.

உள்ளே எல்லாரும் படம் பிடித்தார்கள்.
ஒரு பொடியன் நீச்சல் குளத்தில் குதித்தான்.
நான் சாமான் பார்த்தேன்.
தேக்கு அலுமாரி: ஆறு ஆள், கயிறு வேணும்.
பியானோ: படியில் திருப்ப இடமில்லை,
ஜன்னலைக் கழற்ற வேண்டி வரும்.
அவருடைய நாற்காலி:
ஒரு கையால் தூக்கினேன், வந்துவிட்டது.
"மெச்சரத?" என்றான் சுமணதாச.
ஓம், இவ்வளவுதான்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால்
வடக்கில் எல்லாம் முடிந்தது என்ற நாளில்
எங்கள் தெருவில் வெடி கொளுத்தினார்கள்.
வாழையிலைத் துண்டில் பாற்சோறு.
எனக்கு நீட்டியவன் இதே சுமணதாச.
கிளிநொச்சிக்கு வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா
அன்று கடலுக்கும் களப்புக்கும் நடுவில் எங்கேயோ.
வாங்கித் தின்றேன்.
கட்டைச் சம்பல் உறைப்பென்று கண்ணைத் துடைத்தேன்.
அவனும் துடைத்ததைப் பார்த்தான்.
அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை,
அந்த மாடியில் நின்றபோதும்.

அன்று ஏற்றினார்கள், இன்று இறக்கினோம்.
ஏற்றுக்கூலி யார் வாங்கினார்கள் தெரியாது.
இறக்குக்கூலி
எங்களுக்கு இன்னும் வரவில்லை.

வெளியே வந்தால் செருப்புக் குவியல்.
என் வலது கிடைத்தது.

திங்கட்கிழமை கடை திறந்தது,
நாற்பது மூட்டை சீனி.
இடது காலில்
கோட்டை பிடித்த யாரோ ஒருவருடைய செருப்பு,
அரை அங்குலம் பெரிது.
மேட்டில் தள்ளும்போது
கழன்று கழன்று போகிறது.