புளிச்ச மாவு

தண்டையார்பேட்டையில் என் பெயர் தேவசகாயம்.
அம்மா வைத்தது தெஸ்ஃபாயே.
தண்ணி கேன் போடுகிற பிரகலாதன்
இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு
"தேவசகாயம்னே இருக்கட்டும்ப்பா" என்றான்.
இருந்துகொண்டிருக்கிறது.

எங்கள் ஊரில் வெளிச்சம் வந்த பிறகுதான்
மணியை எண்ணத் தொடங்குவோம்.
இங்கே காலை ஏழு என்றால் எனக்கு ஒன்று.
தண்ணீர் லாரி வருவது ஐந்தேகாலுக்கு,
என் கைக்கடிகாரத்தில் பதினொன்றேகால்.
முதல் மாதம் முழுக்கக் கணக்குத் தப்பி
காலிக் குடத்தோடு மாடியேறினேன்.
கீழ்வீட்டு சுலோச்சனா பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல்,
"ராத்திரியே கொடத்த வரிசைல வெச்சிட்டுப் போய்ப் படு.
கொடம் நின்னா நீ நின்ன மாதிரி" என்றாள்.
அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.
மூன்றாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால்
தெருவிளக்கடியில்
பதினேழு குடங்களுக்கு நடுவே
பச்சை நிறத்தில் நான்,
அடையாளத்துக்குக் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி.

வேப்பேரிக் கல்லூரியில் பகலெல்லாம்
மாட்டு வயிற்றின் நான்கு அறைகள்.
சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கினால்
கண்ணீர் அஞ்சலி போஸ்டரை
ஓரத்திலிருந்து உரித்துத் தின்கிறது ஒரு மாடு.
காகிதம் எந்த அறைக்குப் போகும் என்று யோசித்து நின்றேன்.
"பசைல மாவு கீதுல்ல" என்றார் பழக்கடை ரஃபீக்.
பாடத்தில் இல்லாத வரி.
இறந்தவரின் மீசை மட்டும் சுவரில் மிச்சம்.

பசி என்று சொல்ல முடியாது. மூன்று வேளையும் சாப்பிட்டேன்.
ஆனால் நாக்கு எதையோ தேடியபடியே இருந்தது.
ஊரிலிருந்து கொண்டுவந்த தானியத்தை,
கடுகைவிடச் சின்னது, ஊதினால் பறந்துவிடும்,
விமான நிலையத்திலேயே எடுத்துக்கொண்டார்கள்.
கோட்டீஸ்வரியின் மாவுக் கடையில் போய்
"புளிச்சது இருக்கா?" என்று கேட்டேன்.
"புளிச்சிச்சின்னு தெருவே எங்கூட சண்ட போடுது.
நீ ஒருத்தன் புளிக்கலன்னு சண்டைக்கு வர்ற."
முந்தாநாள் வாளியை மேஜைக்கடியிலிருந்து இழுத்தாள்.
மூடியைத் திறந்ததும்
எங்கள் சமையலறைக் கதவு திறந்த வாசம்.

வெள்ளையாக வந்தது. நிறம் சரியில்லை.
"ரெண்டு பிடி கேவுரு கலக்கிப் பாரேன்" என்றாள்.
அவள் கையில் அள்ளிக் காட்டியபோது சிரித்துவிட்டேன்.
டகுசா.
பாஹிர் தார் ஏரிக்கரையில் பெரியப்பா விளைவிப்பது.
"இது எங்க ஊர்ல இருக்கு" என்றேன்.
"இது எங்க ஊர்து" என்றாள்.
யாரிடமிருந்து யார் வாங்கியது என்று பேசவில்லை.
எனக்கு அவள் ஆறு ரூபாய் சில்லறை பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை. காற்று மணலிப் பக்கமிருந்து;
ஜன்னலைச் சாத்திவிட்டு ஊற்றினேன்.
திருப்பிப் போடக்கூடாது, மூடி வேகவிட வேண்டும்.
சுலோச்சனா குனிந்து பார்த்து
"கண்ணு கண்ணா வந்துகீதே" என்றாள்.
அம்மாவும் அதைக் கண் என்றுதான் சொல்வாள்.
ஒரே பெரிய தட்டு. நடுவில் பருப்புக் குழம்பு.
சுற்றி உட்கார்ந்தவர்கள் தட்டை எண்ணினார்கள்:
ஒன்று.
யாரும் கை வைக்கவில்லை.
எச்சில் என்ற சொல்லை நான் அதற்குமுன் கேட்டதில்லை.
அன்று யாரும் சொல்லவுமில்லை.

எங்கள் வழக்கப்படி முதல் கவளத்தைச் சுருட்டி
கோட்டீஸ்வரியின் வாயருகே நீட்டினேன்.
ரஃபீக் தொண்டையைச் செருமினார்.
நீட்டிய கை அப்படியே நின்றது,
வரிசையில் குடம் மாதிரி.
பிறகு அவள் தன் உள்ளங்கையை விரித்தாள்.
வைத்தேன்.
வாயில் போட்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் மென்றாள்.
"இன்னும் ஒரு நாள்
புளிக்க வுட்டிருக்கணும்" என்றாள்.