நனையாத வெண்மை

ரீகாவில் மார்ச். முற்றத்துப் பனி கறுத்து இளகுகிறது.
நான் பிர்ச் பட்டையைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்,
சம்பளத்துக்கு.
விரலில் ஒட்டும் வெள்ளை மாவு
எத்தனை கழுவினாலும் போகாது.
மழை உள்ளே இறங்காமலிருக்க
மரம் தன்மேல் தானே பூசிக்கொண்ட சுண்ணாம்பு.

அந்த மாவிலிருந்து ஓர் அமிலம்.
தோல் புற்றுச் செல்கள் மேல் அதைச் சொட்டியது
திங்கள் இரவு, பதினொன்று பத்துக்கு.
புதன் காலை பார்த்தால்
தட்டின் அடியைப் பல்லிபோல் பற்றியிருந்தவை
பிடி தளர்ந்து
கொப்புளம் கொப்புளமாய் மிதக்கின்றன.
யாரும் வெட்டவில்லை. எரிக்கவில்லை.
சாகத் தெரிவது செல்லின் பிறவிக்குணம்;
இவை அதை மறந்து பெருகியவை.
பட்டை நினைவுபடுத்தியிருக்கிறது.

‘கொல்கிறது’ என்று எழுதிக் கொடுத்தேன்.
இங்கூனா பேனாவை எடுத்தாள்:
‘கொல்லக்கூடும்.’
“தட்டில் சாவதா பெரிது?
என் காப்பியை ஊற்று, அதற்கும் சாகும்.”

கீழ்வீட்டு ஏவால்ட்ஸுக்கு
அந்தக் ‘கூடும்’ காதில் விழவில்லை.
முப்பது வருடம் டிராம் ஓட்டியவர்.
முதுகு மச்சம் ஒன்று
போன மாதம் கரை உடைத்துப் பரவியது.
படிக்கட்டெல்லாம் வெந்த மரத்தின் வாசனை.
அடுப்பில் பெரிய பானை, பானையில் பட்டை.
“பேப்பரில் போட்டிருந்தான், விஸ்மா. உங்கள் ஆட்கள்தானே?
வியாழக்கிழமை கத்தி வேண்டாமென்று
சொல்லிவிடப்போகிறேன்.”

கரண்டியால் ஒரு துண்டைத் தூக்கினேன்.
மூன்று மணி நேரம் கொதித்தும்
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.
தண்ணீரில் கரையாது, ஏவால்ட்ஸ்.
கரைந்தால் அந்த மரம் என்றைக்கோ அழுகியிருக்கும்.
இரத்தமும் பெரும்பாலும் தண்ணீர்தான்.
நாலு வருடமாக நாங்கள் மல்லாடுவது
கொல்வதற்கு அல்ல,
கரைப்பதற்கு.

“அப்போ இது?”

சாயத் தண்ணீர்.

பானையை அவர் இறக்கவில்லை.
அடுப்பை மட்டும் அணைத்தார்.

வியாழன். ஆறாம் எண் டிராம்.
வழியில் யாரோ ஒரு பிர்ச் மரத்தில் துளையிட்டு
சாறு பிடிக்கப் புட்டி கட்டியிருந்தார்கள்.
இருவரும் பார்த்தோம். பேசவில்லை.
ஒவ்வொரு நிறுத்தத்திலும்
அவருடைய வலது கால்
இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது.
மருத்துவமனைக்கு முந்தின வளைவில்
காலைத் தூக்கி இருக்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டார்.

வண்டி நின்றது.