மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடையில்

படிவத்தில் நாற்பத்தியொரு கேள்விகள்.
பக்கத்து மருத்துவமனைக்கு எத்தனை நிமிடம்
என்பது ஒன்பதாவது.
ஷோத்மோனிடம் கேட்டேன்.
"பாறை விழாத நாளிலா, விழுந்த நாளிலா?"
என்றான் கியரை மாற்றியபடி.
அதற்குக் கட்டம் இல்லை.

பாமீர் மலையின் இடுப்பில்
ஒரு வண்டி அகலத்துக்குச் சாலை.
கீழே பஞ்ச் ஆறு, சாம்பல் கரைத்த நிறத்தில்.
அக்கரை வேறு தேசம்.
அங்கே கழுதையோடு ஒரு சிறுவன்
எங்களுக்கு இணையாக நடந்துகொண்டிருந்தான்.
கையசைத்தேன், அவனும் அசைத்தான்.
எங்கள் வரைபடத்தில் அவன் நடப்பது சிவப்பில்.
நான் போவது எந்த நிறத்தில் என்று
இன்னும் முடிவாகவில்லை.
முடிவுசெய்யத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

காப்பீட்டு நிறுவனத்தில் பதினோரு வருடம்.
கடற்கரைகளை எனக்கு மூழ்கியவர்கள் கணக்கில் தெரியும்,
தெருவிளக்குகளை எரியாதவற்றின் கணக்கில்.
விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று
என்னிடம் நண்பர்கள் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

சோதனைச் சாவடியில் இளம் சிப்பாய்
என் பெயரைப் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டான்,
மூன்று பிழைகளோடு.
பிறகு ஜன்னல் வழியாக ஒரு கைப்பிடி
உலர்ந்த முசுக்கொட்டைப் பழம் நீட்டினான்.
அதிகாரிகள் ஏதாவது கேட்டார்களா: இல்லை.
கொடுத்தார்களா என்று படிவம் கேட்கவில்லை.

இரவு குல்சிஃபத்தின் வீட்டில்.
ஐந்து தூண்கள், கூரையில் சதுரமாக வெட்டிய வானம்.
தாழ்ப்பாள் உண்டா என்று கதவைப் பார்த்தேன்.
ஒரு கயிறு தொங்கியது.
"ஆட்டுக்குட்டி உள்ளே வந்துவிடும்,
அதற்காக" என்றாள்.

உப்பும் வெண்ணெயும் மிதக்கும் பால்தேநீரில்
ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி
முப்பத்தொன்றாம் கேள்விக்கு வந்தேன்:
இரவில் ஒரு பெண் தனியாக நடக்கலாமா?
"எங்கே போக?" என்று சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.

என் ஊர் பச்சை.
அங்கே காரைக் கீழ்த்தளத்தில் நிறுத்திவிட்டு
லிஃப்ட் வரும்வரை
சாவியை விரலிடுக்கில் பிடித்திருப்பேன்,
கூர் வெளியே தெரிய.

பாத்திரங்களை எடுத்துவைத்துவிட்டு வந்து
மேசைவிரிப்புக்கு அடியிலிருந்து
மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள்.
பென்சிலில் ஒரு முகவரி.
"இந்த ஊரின் நிறம் என்ன, பார்த்துச் சொல்."
மகன் அலிஃப்பேக் அங்கே சாந்து குழைக்கிறான்,
இருபத்திரண்டாவது மாடியில்.

பார்த்தேன். "பச்சை."
"பச்சை என்றால்?"
"வழக்கமான கவனம் போதும்."
குல்சிஃபத் அதைத் தன் மொழியில்
ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.
வசந்தத்தில் ரயில் நிலையப் படிக்கட்டில் நான்கு பேர்
எந்த ஊர்க்காரன் என்று அவனைக் கேட்டார்களாம்.
இப்போது முன்பல் ஒன்று புதிது.
ஏணியிலிருந்து விழுந்தேன் என்கிறான்.
"அவன் ஏணியில் விழுகிறவன் இல்லை."

அந்தப் பச்சை என் பாஸ்போர்ட்டுக்கானது
என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது,
குடித்தேன்.

நள்ளிரவில் கூரைமேல் காலடிச் சத்தம்.
கை கயிற்றுக்குப் போனது, பழக்கம்.
பிறகு அந்தச் சதுர வானத்தில்
அவள் செல்பேசியின் வெளிச்சம் தெரிந்தது.
சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.
தினமும் அவனிடமிருந்து ஒரே சொல் வருமாம்,
சாப்பிட்டேன் என்றில்லை, தூங்கப்போகிறேன் என்றில்லை:
இருக்கிறேன்.
வெகுநேரம் நின்றாள்.
ஒரு சின்ன மணியோசை.
ஏணி கிரீச்சிட்டது, இறங்கினாள்.

காலையில் செங்குத்துப் பாறைக்கு முன்னால்
ஷோத்மோன் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான்.
கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி
மலையைக் கேட்டான்.
எங்கோ மேலே ஒரு கூழாங்கல் உருண்டது,
பின்னால் எதுவும் வரவில்லை.
பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.
"இப்போது போகலாம்" என்றான்.
இப்போது என்று மட்டும்தான் சொன்னான்.