செவ்வாய்க்கிழமை

காவேரிப்பட்டணம் தாண்டி
எங்களுக்குப் பதினெட்டு செந்தூரா மரம்.
ஏழில் புல்லுருவி.
மாவின் நீரைக் குடித்து, மாவைப்போலவே இலை வைத்து,
பூவை மட்டும் தன் இஷ்டத்துக்குச் சிவப்பாய்ப் பூக்கும்.

சனிக்கிழமை திம்மராயன் வந்தார்.
மூங்கில் நுனியில் கட்டிய அரிவாள்,
ஒரு காலத்தில் வெள்ளையாய் இருந்த பனியன்,
காதில் பீடி.
மரத்துக்கு நூற்றைம்பது. டீ தனி.

கீழே பிளாஸ்டிக் நாற்காலியில்
திங்கட்கிழமை வகுப்புக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.
கௌரவ விரிவுரையாளர். பண்டைய ஐரோப்பா, இரண்டாம் அலகு:
கெல்ட் மக்களின் ட்ரூயிட் குருமார்,
கிரேக்க, ரோமானியர் பார்வையில். ஐந்து மதிப்பெண்.

ரோமானியர் ஒருவர் எழுதுகிறார்:
ஆறாம் பிறையன்று
வெள்ளை உடுத்த குரு ஓக் மரம் ஏறுவார்,
பொன் அரிவாளால் புல்லுருவியை அறுப்பார்,
கீழே வெள்ளைத் துணியில் ஏந்துவார்கள்.
பிறகு இரண்டு வெள்ளைக் காளைகளின் கழுத்து.

பொத்தென்று நோட்டின்மேல் ஒரு கொத்து.
"தள்ளி உக்காருங்க மேடம்."

நிமிர்ந்தேன். பனியன். அரிவாள். வெயில்.
எனக்குப் பிடித்துக்கொண்டது.
"இதை எந்த நாளில் அறுக்கணும்?"
"எப்ப வேணா அறுக்கலாங்க.
செவ்வாக்கெழம மட்டும் நான் மரம் ஏற மாட்டேன்."
எழுதினேன். அடிக்கோடிட்டேன்.
முருகனா? மாரியா? அதற்கும் முந்தைய ஏதோவா?
அவரிடம் கேட்கவில்லை. நோட்டிடம் கேட்டேன்.

பொன் அரிவாளால்
கத்தரிக்காய்க் காம்பைக்கூட அறுக்க முடியாது.
எழுதியவர் வீட்டில் யாரும் சொல்லவில்லை போலும்.

படையோடு போனவர் எழுதினார்:
சுள்ளிகளால் மாபெரும் மனித உருவம் பின்னி
உள்ளே ஆட்களை அடைத்துத் தீ வைப்பார்களாம்.
அதே மையில், சில பக்கம் தள்ளி,
தான் எரித்த ஊர்களின் கணக்கு.

தூரத்தில் இருந்த கிரேக்கர்களுக்கு அவர்கள் ஞானிகள்.
சொல்லால் போரை நிறுத்துபவர்கள்.
ஒருவர் நம் பிராமணர்களோடு சேர்த்து
ஒரே வரிசையில் உட்காரவைத்தார்,
இந்தப் பக்கமும் வராமலே.

இன்னொருவர் ஒரு தீவின் கரையை எழுதினார்:
கறுப்புடுத்திய பெண்கள், தீப்பந்தங்கள்,
வானுக்குக் கையுயர்த்திச் சபிக்கும் குருமார்.
சில வரி தள்ளி, சோலைகள் வெட்டப்பட்டன.
வெட்டுமுன் ஒருமுறை
அப்படி எழுதிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

குருமார் எதையும் எழுதிவைக்கவில்லை.
இருபது ஆண்டு மனப்பாடம்;
வேதத்தை எழுத்தில் வைப்பது தகாது என்பார்களாம்.
இதையும் நமக்குச் சொன்னது
அந்தப் படைக்காரர்தான்.

திங்களன்று வகுப்பு அருமையாகப் போனது.
உள்ளூர் உதாரணம் தந்தேன்:
நம் பக்கத்திலும் புல்லுருவி அறுப்பவர்கள்
செவ்வாயன்று மரம் தீண்டுவதில்லை.
பெயர் சொல்லவில்லை. ஒருவரைப் பன்மையாக்கினேன்.
அறுபத்திரண்டு பேனாக்கள் குனிந்தன.

மறுநாள் மீதிக் கூலி கொடுக்கப் போனேன்.
இடுப்பில் கைக்குழந்தையோடு வாசலில் நின்றார்.
"இன்னைக்குக் குழுக் கூட்டங்க.
வாராவாரம் செவ்வா.
அவ தவணை கட்டப் போயிட்டா.
புள்ளைய யாரு பாக்கறது?"

பாப்பா என் பேனாவைப் பிடுங்கி
வாயில் வைத்தது.
பிடுங்கித் திரும்ப வாங்க மனம் வரவில்லை.

வீட்டுப் பக்கவாட்டில்
எங்கள் மரத்துப் புல்லுருவிக் கட்டு கிடந்தது.
முதல் நாளே கேட்டு வாங்கிப்போயிருந்தார்,
பால் நன்றாகச் சுரக்குமாம்.
இரண்டு வெள்ளாடுகள்
அதைத் தின்றுகொண்டிருந்தன.
நிறம் கறுப்பு.