அரைப்பேர்

தைப்பொங்கல் கழிந்த திங்கள்
அமலதாஸ் வேலையை விட்டான்.
லீசிங் கம்பெனியில் என் எதிர் மேசை.
கல்குலேட்டர், குடை, மகளின் படம்
எல்லாவற்றையும் ஒரே பைக்குள் திணித்து
"இனி கடை தேடுறதுதான் எனக்கு வேலை" என்றான்.
வாங்குவதற்கு ஒரு கடை.
பெரிதாக ஒன்றுமில்லை.
ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற,
ஓட்டுகிறவர் மட்டும் களைத்துப்போன ஒரு கடை.

நானும் அதைத்தான் தேடினேன்,
ஞாயிறுகளிலும் போயா நாட்களிலும்.
மற்ற நாட்களில்
அடுத்தவர் முச்சக்கர வண்டிகளின்
தவணையை எண்ணினேன்.

பெரட்டுக்குப் போகிறவன் மாதிரி
ஆறு மணிக்கே ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்பான்.
பேர் கூப்பிட யாருமில்லை.
தலவாக்கலையில் ஒரு பேக்கரிக்கு எதிரே
நான்கு விடியல்கள் மழைச்சட்டையோடு நின்று
பாண் எண்ணினான்.
முதலாளி சொன்னது ஐந்நூறு.
இவன் எண்ணியது இருநூற்றுப் பதினொன்று.
நான் போயிருந்தால்
ஐந்நூறை நம்பித் திரும்பியிருப்பேன்.
ஞாயிறு கடைசி பஸ்ஸுக்குள்
எதையாவது நம்பித்தானே ஆகவேண்டும்.

பொகவந்தலாவை அரைக்கும் மில்
ஒரு செவ்வாய்க்கிழமை கைமாறியது.
எனக்குச் சேதி வந்தது சனிக்கிழமை.
செவ்வாய்க்கிழமைகள் என்னுடையவை அல்ல.

தோட்டத்தில்
நிறை குறைந்த நாளுக்கு
அரைப்பேர் என்று எழுதுவார்கள்.
மழையில் நின்றது முழு ஆள்தான்.

ஆடியில் அவன் மாறினான்.
தேடலுக்கும் சம்பளம் வேண்டியிருந்தது,
அதைச் சேமலாப நிதிக் காசு கொடுத்தது:
பஸ், தேத்தண்ணி, ரோல்ஸ்,
சட்டத்தரணிக்கு ஒருமுறை,
மகளின் டியூஷனுக்கு மாதாமாதம்.
சித்திரையில் ஓட்டை என்று ஒதுக்கிய கூரை
ஆடியில் "சின்ன ஒழுக்கு" ஆனது.
கொப்பியே எழுதாத முதலாளிகள்
"வெள்ளந்தி மனுசர்" ஆனார்கள்.
நான் பயந்தேன்,
அவனுக்காக மட்டும் இல்லை.
எனக்கு எந்தக் கடையுமே பிடிக்காமல் போயிருந்தது.
இருபத்தைந்தாம் திகதி சம்பளம் விழுகிறவன் கண்ணுக்கு
எல்லாக் கூரையும் ஒழுகும்.

ஐப்பசி ஞாயிறு, கொட்டகலை.
சேர்ந்தே போனோம்.
பேட்டரிக் கடை. நிசாம்தீன் நானா.
மகன் தோஹாவில். முழங்காலில் வலி.
விலை சொன்னார்.
கொப்பி காட்டினார், இரண்டு:
ஒன்று வரிக்கு, ஒன்று உண்மைக்கு.
பிறகு கேட்டார்,
"திங்கள் காலை ஏழு மணிக்கு யார் திறக்கிறது?"
அமலதாஸ் கையைத் தூக்கினான்.
"யாவாரம் விழுந்த மாசத்துக்கு யார் காசு போடுறது?"
தூக்கிய கை தலையைச் சொறிந்தது.
நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

லுஹருக்குப் பாங்கு கேட்டது.
"இருங்க தம்பிமார், இப்ப வாறேன்" என்று
எங்களைக் கடையோடு விட்டுவிட்டு நடந்தார்.

ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது.
டர்மினல் ஒன்று வேண்டுமாம்.
நூற்றைம்பது என்று விலையையும் அவரே சொன்னார்,
எங்களுக்கென்ன தெரியும்.
அமலதாஸ் மூன்று தட்டுகளில் துழாவி எடுத்தான்.
நான் பூட்டினேன்.
ஸ்பானரை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள் என்றார் ஓட்டுநர்.
மாற்றிப் பிடித்தேன்.
வண்டி ஒரே உதையில் கிளம்பியது.

அந்த இலக்கத் தகட்டை எனக்குத் தெரியும்.
இரண்டு தவணை பாக்கி.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
இன்று ஞாயிறு.

லாச்சி பூட்டியிருந்தது. சாவி நானாவின் இடுப்பில்.
காசை மேசையில் வைத்து
பறக்காமலிருக்க ஸ்பானரை மேலே வைத்தோம்.
ஒன்பது மாதத்தில்
இருவருமாகச் செய்த ஒரே வியாபாரம்.

தூறல் பிடித்தது.
நானா திரும்புவதற்குள்
இன்னும் ஒருவர் வரமாட்டாரா என்று
பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்,
கையில் கிரீஸோடு.