மூன்றாவது முகவை

ரீச்சர் வலயக் கந்தோருக்குப் போயிருந்தா.
கரும்பலகையில் விட்டுப்போன ஏழு வரியில்
பாதியை யன்னல் வெயில் தின்றிருந்தது.
ஐந்து சென்ரிமீற்றர், என்றது மூன்றாம் வரி.
கிழங்கை நறுக்கியவள் றிஸ்லா.
வாப்பாவின் கொத்துரொட்டிக் கடையில்
வெங்காயம் அரிந்து பழகிய கை,
பதினைந்து துண்டும் ஒரே நீளம்.

முதல் முகவையில் கடல்.
டினோஜன் விடியவே சைக்கிளை மணலில் சாய்த்து
நிலாவெளிக் கரையில்
சோடாப் போத்தலில் பிடித்து வந்தது.
கூடவே ஒரு பொடிச் சிப்பியும் வந்திருந்தது,
எடுத்து யன்னலில் வைத்தோம்.
இரண்டாவதில்
காசுக்கு வாங்கிய தண்ணீர்.
மூன்றாவதில், செலவில்லாமல்,
கழிவறைக்குப் பின்னால் இருக்கிற கிணறு.

‘கிணறு நல்ல தண்ணிதானே’ என்றாள் பூர்விகா,
உவர்மலையிலிருந்து பஸ் ஏறி வருகிறவள்.
அவள் ஊரில் உவர் பெயரோடு சரி.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

பிரசாரணம்.
பரீட்சைக்கு எழுதிக் கை பழகிய சொல்.
ஐதான பக்கமிருந்து செறிந்த பக்கத்துக்கு
நீர்தான் போகும், உப்பு நின்ற இடத்தில் நிற்கும்.
நடுவே யாரை விடுவது என்று தெரிந்த
ஒரு மென்சவ்வு.
கலம் என்று படித்த முதல் நாள்
திருகோணமலைத் துறைமுகத்துக் கப்பலைத்தான்
டினோஜன் கீறினான், நங்கூரத்தோடு.
கரு எங்கே என்று கேட்டதற்குக்
கப்டனைக் காட்டினான்.

நாற்பது நிமிடம்.
இடைவேளை மணி அடித்து ஓய்ந்தது.

கடலில் கிடந்த துண்டு
நாலு தசம் ஆறு.
விரலில் சுற்றினால் சுற்றுப்பட்டது,
விட்டால் காய்ச்சல்காரப் பிள்ளை மாதிரித்
தலையைத் தொங்கப்போட்டது.
வாங்கின தண்ணீரில் கிடந்தது
ஐந்து தசம் இரண்டு. வளைத்தேன்.
படக்கென்று ஒடிந்து
பூர்விகாவின் கொப்பியில் விழுந்தது.
மூன்றாவது
ஐந்து.
கூடவுமில்லை, குறையவுமில்லை.
அடிமட்டத்தைத் திருப்பிப் பிடித்தும் அளந்தோம்.
ஐந்து.

‘ஐஞ்சு தசம் ரெண்டு எண்டு போடு.
தண்ணியெண்டா வீங்க வேணும்,
புத்தகத்தில இருக்கு’ என்றாள் பூர்விகா.
றிஸ்லா ஏற்கனவே போட்டுவிட்டாள்.

டினோஜன் முகவையைத் தூக்கி
ஒரு மிடறு குடித்தான்.
ஆய்வுகூடத்தில் எதையும் சுவைக்கக் கூடாது,
அதுவும் கரும்பலகையில் இருந்தது, ஐந்தாம் வரி.
அவன் முகம் மாறவில்லை.
‘எங்கட வீட்டுக் கிணறும் இதுதான்.’

அவன் அம்மா உப்பளத்தில் உப்பு வாருகிறவ.
பவுசர் தண்ணீரில் ஒரு செம்பு
அவவின் காலுக்கென்று மூடி இருக்குமாம்.
கிணற்றில் கழுவினால்
உப்பை உப்பால் கழுவினது மாதிரி.
வெடித்த குதிகாலைப் பற்றி அவன் சொன்னதில்லை,
நான் ஒருதரம் கண்டேன், பஸ்ஸில்.

கிழங்குக்கு உள்ளே எவ்வளவோ
வெளியேயும் அவ்வளவு.
போகிற நீரும் வருகிற நீரும் ஒரே கணக்கு.
அதனால்தான் ஒன்றுமே நடக்காதது போல
ஒரு துண்டு
நாற்பது நிமிடம் அப்படியே கிடந்தது.

றிஸ்லா அழித்தாள்.
அழிறப்பர் தாளையும் சேர்த்துத் தின்றது.
ஓட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக
ஐந்து என்று எழுதினாள்.

கலந்துரையாடல் என்ற தலைப்புக்குக் கீழே
மூன்று வரிக்கு இடம்.
டினோஜனுக்கு ஒரு வரி போதுமாயிருந்தது:
மூன்றாவது முகவையில் இருந்தது தண்ணீர் அல்ல.
பூர்விகா வாங்கிப் படித்தாள்.
தன் கொப்பியிலும் அதையே எழுதினாள்,
எங்கள் எவரையும் நிமிர்ந்து பார்க்காமல்.

மிச்சக் கிழங்கைக் காகத்துக்கு எறிந்தோம்.
கடலில் ஊறியதைத்தான்
அது முதலில் கொத்தியது.