பிணமாக நடித்தவன் படித்த விமர்சனங்கள்

பெயர்ப் பட்டியலில் கடைசிக்கு முந்தைய வரி நான்.
எனக்கும் கீழே
மீன் பெட்டிகள் தந்துதவிய கம்பெனிக்கு நன்றி.

கிளைப்பெடா துறைமுகத்தில்
குளிர்பதனக் கிடங்கின் இராத்திரி முறைக்காரன்.
தோவிதாஸ் வந்து கேட்டான்:
"பதினொரு நிமிஷம் செத்துக் கிடக்க முடியுமா?"
முடியாதென்று சொல்ல என்ன இருக்கிறது,
பதினாறு வருஷமாய் அதே தரையில்
உயிரோடு நின்றுகொண்டிருக்கிறேன்.

அவனை நாடே அறியும்.
தயிர் விளம்பரத்தில் உதட்டை நக்கிய பையன்.
பிறகு தொலைக்காட்சித் தொடரில்
ஒரு நோயாளியையும் சாகவிடாத டாக்டர்.
இருபத்தாறு வயதில்
ஒரு கொலையைத் தானே படமெடுக்கத் தோன்றியிருக்கிறது.
தோன்றட்டுமே.

வெள்ளிக்கிழமை படம். சனிக்கிழமை பேப்பர்கள்.
வில்னியஸ் நாளிதழில் பார்ட்குஸ் எழுதினார்:
"கண்ணாடி முன்னால் வளர்ந்த முகம்
கேமராவுக்குப் பின்னால் போயும்
கண்ணாடியையே தேடுகிறது."
அஞ்சுக்கு ரெண்டு நட்சத்திரம்.
இன்னொருவர் மழையை எண்ணியிருந்தார், ஏழு காட்சி.
இவ்வளவு பெய்தால்
கதை வழுக்காமல் என்ன செய்யும்?
வானொலியில் ஒரு பெண்குரல்:
துப்பறிகிறவள் சிகரெட் பற்றவைக்கும் விதம்
கடன் வாங்கியது,
வட்டிகூடக் கட்டவில்லை.
(சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாயிருந்தது.)

வாரப் பத்திரிகை ஒன்று மட்டும்
"இதில் நன்றாக நடித்தது பிணம்தான்" என்றது.
யூர்கா அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜில் ஒட்டினாள்,
கரண்ட் பில்லுக்குப் பக்கத்தில்.
வேலையில் மூன்று நாள்
யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
"டேய் பிணமே, நாலாம் கதவைத் திற."

ஞாயிறு மாலைக் காட்சிக்குப் போனோம்.
பதினாலு பேர். எங்களையும் சேர்த்து.
திரையில் என்னைப் போர்வை விலக்கிக் காட்டியபோது
யூர்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்,
பிடித்தவள் விளக்கு போடும்வரை விடவில்லை.
அவளிடம் நட்சத்திரம் கேட்க
எந்தப் பத்திரிகையும் வரவில்லை.

நாற்பத்தோராவது நிமிஷம்
என் இடது இமை துடிக்கிறது.
கத்துக்குட்டித்தனம் என்றார் பார்ட்குஸ்.
இந்த நகரத்தில் கொல்லப்பட்டவர்கள்
இன்னும் முழுசாகச் சாகவில்லை,
அதைத்தான் இமை சொல்கிறது என்று
ஒரு பேராசிரியர் நாலு பத்தி எழுதினார்.
என் முதுகுக்கடியில் நீட்டிக்கொண்டு தெரியும் பழுப்புக் கோட்டுக்கை
யாருடையது?
கொலைகாரனுடையதா?
கடைசிவரை பதில் இல்லை.
குற்றப் படத்தில் மன்னிக்க முடியாத ஓட்டை.
திட்டியவர்களும் தடவிக்கொடுத்தவர்களும்
ஒத்துப்போனது இந்த ஒன்றில்தான்.

நடந்தது இது.
விடிகாலை நாலு மணி. பத்தொன்பதாவது டேக்.
சிமெண்டுத் தரை
முதுகெலும்பை ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டிருந்தது.
என் பல் அடித்துக்கொள்வது
மைக்கில் கேட்கிறதென்று ஒலிக்காரர் கையை உயர்த்தினார்.
தோவிதாஸ் ஒன்றும் பேசாமல்
தன் கோட்டைக் கழற்றி எனக்கடியில் விரித்தான்.
மெல்லிசுச் சட்டையோடு போய்
கேமராவுக்குப் பின்னால் நின்றான்.
ஆக்‌ஷன் என்ற குரல்
இரண்டாகப் பிளந்து வந்தது குளிரில்.
இமை என்னிடம் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கிடங்குக்கு வந்தான்,
கக்கத்தில் பேப்பர்க் கட்டு.
"மழை அதிகமோ?"
"அதிகம்தான்."
"சிகரெட்?"
"எனக்கெப்படித் தெரியும், செத்திருந்தேனே."
சிரிக்கப் பார்த்தான், முக்கால்வாசி வந்தது.
"அந்த இமையை வெட்டியிருக்கலாம்" என்றேன்.
"பார்த்தேன்" என்றான். "வெட்டவில்லை."
அதற்குமேல் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
அதே பழுப்புக் கோட்டு.
திரும்பியபோது முதுகில்
மத்தி மீனின் செதிலொன்று மினுங்கியது.
தட்டிவிடக் கை போனது.
அதற்குள் ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் அடித்து
இருவரையும் ஒதுங்கச் சொன்னது.